வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த காலம்

புதுக்குடியிருப்புக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாமரத்துக்குக் கீழே பதினாறு பெண்கள் பாயில் இருந்தார்கள். சேமிப்புக் குழுவை எப்படித் தொடங்குவது, கணக்குக் கொப்பியை யார் வைத்திருப்பது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். 2017ஆம் ஆண்டு ஆவணி மாதம், வெயில் கொளுத்திய நாள். முன்னால் இருந்த அம்மா ஒருவர் கையைத் தூக்கினார்.

“பிள்ளை, நீங்கள் சொல்லுறது நல்ல விஷயந்தான். ஆனா வாயைப் பொத்திக்கொண்டு சொல்லுறியள். எனக்குப் பாதி விளங்கேல்லை. ஷெல் சத்தத்திலை ஒரு காது முந்தியே போட்டுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதும் என்னுடைய இடது கை தானாக எழும்பி வாயை மூடிக்கொண்டது. அதைப் பார்த்து அவர்கள் இன்னொரு தரம் சிரித்தார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். இந்தக் கை எத்தனை வருடமாக இந்த வேலையைச் செய்கிறது? பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் விரிவுரையில் எழும்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. சிநேகிதிகள் எடுத்த படங்களில் எல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கப் பழகியிருந்தேன். உண்மையில் காரணம் பல்.

அப்போது எனக்கு 27 வயது. மேல்வாயின் முன்பற்கள் நான்கில் ஒன்று பாதி உடைந்து சாம்பல் நிறமாகியிருந்தது. மற்ற மூன்றிலும் இடுக்குகளில் சூத்தை. கடைவாய்ப் பற்களில் இரண்டு இல்லை. மூன்றில் ஓட்டை, ஒரு சோற்றுப் பருக்கை அடைந்தால் இரவெல்லாம் குத்தும். கராம்பு எண்ணெய்ப் போத்தல் ஒன்று எப்போதும் என் கைப்பையில் இருக்கும்.

இந்தப் பக்கங்களில் பல்லைப் பற்றி எழுதுவது சிலருக்குச் சின்ன விடயமாகத் தோன்றலாம். காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, கடன், வாழ்வாதாரம் என்று எழுத எவ்வளவோ உண்டு. ஆனால் களவேலையில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் இளம் பெண்கள் பலர் முப்பது வயதுக்குள் பற்களை இழக்கிறார்கள். அதை யாரிடமும் சொல்வதில்லை. பிறகு ஒரு நாள், கலியாணமோ வேலையோ வரும் நேரத்தில், கடன்பட்டுப் போய் முன்வரிசை முழுவதையும் ‘கட்டிக்கொண்டு’ வருகிறார்கள். அல்லது எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வருகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது எனக்குத் தெரியவந்ததும் தற்செயலாகத்தான்.

பழுதான கதை

1995 ஐப்பசி கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எனக்கு ஐந்து வயது. வன்னியில் வளர்ந்தேன். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றறியும் தட்டுப்பாடாக இருந்த பொருளாதாரத் தடைக் காலம். அம்மம்மா உமிக்கரியும் உப்பும் உள்ளங்கையில் வைத்துப் பல் தீட்டச் சொல்வார். சில நாட்களில் வேப்பங்குச்சி. இதையெல்லாம் நான் பழிக்கவில்லை, அவை இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் சொரசொரப்பான கரியும் செங்கல் தூளும் அழுக்கோடு சேர்த்துப் பல்லின் மேற்பூச்சையும் தேய்த்துவிடும். நகம் வெட்டினால் வளரும், தோல் கிழிந்தால் பொருந்தும். பல்லின் மேற்பூச்சு தேய்ந்தால் தேய்ந்ததுதான், மறுபடி வளராது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

அந்த முன்பல் உடைந்தது 2009 தையில், விசுவமடுவில். பங்கருக்குள் பாயும்போது குறுக்கே கிடந்த பனங்குற்றியில் வாய் அடிபட்டது. வாய் நிறைய இரத்தம். பக்கத்தில் காயப்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்த பிறகு, பல் உடைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. இந்த வெட்கத்தை நான் பிறகு எத்தனையோ பெண்களிடம் கண்டிருக்கிறேன். “உயிர் தப்பினதே பெரிசு, இதிலை பல்லைப் பற்றி என்ன கதை” என்பார்கள். உயிர் தப்பியவருக்குப் பல் தேவையில்லையா என்று கேட்க எனக்கே பல வருடம் எடுத்தது.

மாத்தளனில் விரலால் பல் தேய்த்தோம். குடிக்கவே தண்ணீர் இல்லாத நாட்களில் அதுவுமில்லை. பிறகு மனிக்பாம். 2012 புரட்டாதியில்தான் அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது. நாங்கள் அங்கே பத்து மாதம் இருந்தோம். பசித்தால் பிஸ்கட், சீனி போட்ட தேத்தண்ணி. கன்னம் வீங்கியபோது வரிசையில் நின்று கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கியவரில் பிழை சொல்ல மாட்டேன். அன்று அவர் முன்னால் நின்ற வரிசைக்கு அது ஒன்றுதான் செய்யக்கூடியதாக இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முகாமிலிருந்து வந்த பின் எனக்கு நித்திரை இல்லை. மனநலக் கிளினிக்கில் தந்த மாத்திரையை ஒன்றரை வருடம் எடுத்தேன். அது எனக்கு உதவியது. ஆனால் வாய் எப்போதும் காய்ந்துபோய் இருக்கும். காயக் காய ரொபி சூப்புவேன், தேத்தண்ணி குடிப்பேன். உடைந்த பல்லுக்கும் அந்த மாத்திரைக்கும் ரொபிக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

‘ஒரு கிழமையிலை புதுச் சிரிப்பு’

2017 கார்த்திகையில் ஒரு சம்பந்தம் வந்தது. அம்மா என் படத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். புரோக்கர் திரும்பி வந்து கேட்டார்: “படத்திலை பிள்ளை சிரிக்கேல்லை. பல்லிலை ஏதும் குறையோ எண்டு அவை கேக்கினம்.”

எங்கள் ஊர் வழக்கத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு என்று சொல்லிச் சொல்லி வளர்ப்பார்கள். பிறகு, ஏன் சிரிக்கவில்லை, பல்லில் குறையோ என்று கேட்பார்கள்.

அம்மா இரவிரவாக யோசித்தார். மீட்டு வைத்திருந்த ஒரே சங்கிலியைத் திரும்ப அடகு வைக்கலாம் என்றார். நகரத்தில் தனியார் பற்சிகிச்சை நிலையம் ஒன்றுக்குப் போனோம். குளிரூட்டிய அறை, சுவர் நிறையச் சிரிக்கும் முகங்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நிமிடம் பார்த்தார்கள். மேல் முன்பற்கள் ஆறையும் சுற்றிவர அராவி, அவற்றின் மேல் ஆறு கிறவுண் போட்டுவிடலாம் என்றார்கள். ஒரு பல்லுக்கு 25,000 ரூபா, ஆறுக்கும் 150,000. இரண்டு தரம் வந்தால் போதும், ஒரு கிழமையிலை புதுச் சிரிப்பு. என்னுடைய மாதச் சம்பளம் அப்போது 34,000.

வெளியே வந்து, அம்மா பஸ் பார்க்கப் போன நேரத்தில், எனக்குத் தெரிந்த நுண்கடன் உத்தியோகத்தர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கிழமைக்கு எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கேட்டேன். காலையில்தான் அந்தக் கடன்களில் மாட்டுப்பட வேண்டாம் என்று பெண்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் எடுத்த பெண்களைப் பார்த்து ‘ஏன் யோசிக்கவில்லை’ என்று கேட்கும் உரிமை எனக்கு அன்றோடு போய்விட்டது. கண்ணாடியில் முகத்தைப் பார்க்கும்போது வட்டிக் கணக்கு நினைவுக்கு வராது.

கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்க இரண்டு நாள் இருக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல் குத்தத் தொடங்கியது. பனடோலுக்கும் கராம்பு எண்ணெய்க்கும் அடங்கவில்லை. விடிய ஆறரைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்தேன்.

டொக்டர் கேட்ட கேள்விகள்

அங்கே இருந்தவர் மலையகத்தைச் சேர்ந்த இளம் பெண் டொக்டர். குத்திய பல்லைப் பார்த்துவிட்டு மற்றப் பற்களையும் ஒவ்வொன்றாக எண்ணினார். வழமையாக ‘எந்தப் பல்’ என்று கேட்டு அதை மட்டும் பிடுங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே புதினமாக இருந்தது. நான் கிறவுண் கதையைச் சொன்னேன்.

“முன்னுக்கு ஆறு கிறவுண் போட்டா அழகாத்தான் இருக்கும். எவ்வளவு நாளைக்கு?” என்றார். “உங்க வாயில சூத்தை வர்ற காரணம் அப்படியே இருக்கு. கிறவுண் பீங்கான், அது சூத்தையாகாது. அதுக்கு விளிம்புல, முரசுக்குப் பக்கத்துல இருக்கிற சொந்தப் பல்லு சூத்தையாகும். அப்ப கிறவுணோட சேர்த்துப் பல்லும் போகும். இந்த ஆறுல ரெண்டு நல்ல பல்லு. வேட்டைப்பல் ரெண்டையும் ஏன் அராவணும்?”

பிறகு அவர் கேட்ட கேள்விகள்: ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி? சீனி எவ்வளவு? இடையில் என்ன சாப்பிடுவீங்க? ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா, எடுத்தீங்களா? காலையில் எழும்பும்போது தாடை நோகுதா?

எட்டுத் தேத்தண்ணி என்றேன். கிராமத்துக்குப் போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று, மறுத்தால் மனம் நோகும். அவர் சொன்ன கணக்கு எனக்கு இன்றும் மறக்கவில்லை. வாயில் இருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தை விடும். ஒவ்வொரு தரம் இனிப்புப் பட்டதும் ஏறக்குறைய அரை மணித்தியாலம் அந்த அமிலம் பல்லை அரிக்கும், அதன்பின் எச்சில் மெல்ல மெல்ல அதைச் சமப்படுத்தும். ஒரே தரத்தில் மூன்று கரண்டி சீனி தின்பதைவிட, அரைக் கரண்டியை ஆறு தரமாகப் பிரித்துக் குடிப்பது பல்லுக்குக் கூடாது. எட்டுத் தேத்தண்ணி என்றால் நான்கு மணித்தியாலம் என் பல் அமிலத்தில் ஊறுகிறது. ரொபி சூப்பினால் அதற்குக் கணக்கே இல்லை. வாய் காய்ந்திருந்தால் சமப்படுத்த எச்சிலும் இல்லை.

மனநல மாத்திரைகளில் சில வாயை உலர்த்தும் என்பதை அவரே சொன்னார். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் அழுத்திச் சொன்னார். கிளினிக்கில் டொக்டரிடம் வாய் காய்கிறது என்று சொல்ல வேண்டும். சும்மா தண்ணீரை அடிக்கடி மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். வாசகிகளில் பலர் இப்படியான மாத்திரைகளை வெளியில் சொல்லாமல் எடுக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பல் டொக்டரிடம் மட்டுமாவது சொல்லுங்கள்.

தாடை நோவு பற்றி அவர் கேட்டபோது எனக்கு ஆச்சரியம். வேட்டைப்பல்லின் கூர் தட்டையாகிப் போயிருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பதால் வரும் தேய்வு அது. மனதில் கிடக்கும் பயமும் பதற்றமும் இரவில் தாடைக்கு இறங்குவதுண்டாம். அதற்குப் பிறகு குழுக்களில் நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதினைந்து பேரில் நான்கு ஐந்து பேராவது “ஓம், மனுசன் சொல்லுறவர், நான் பல்லைக் கடிக்கிறனாம்” என்பார்கள். அப்படிக் கடிப்பவருக்கு மெல்லிய பீங்கான் ஒட்டினால் வெடித்து விழும் வாய்ப்புக் கூட.

நான் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை.

பதினொரு மாதம்

ஒரு கிழமையில் முடியும் என்று சொன்ன வேலை பதினொரு மாதம் எடுத்தது. முதலில் காறை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். முரசில் இரத்தம் வருவது நின்றது. குத்திய பல்லையும் அதற்குப் பக்கத்துப் பல்லையும் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கினார்கள். இன்னொரு கடைவாய்ப் பல்லை அடைத்தார்கள். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை, பஸ் காசும் அரை நாள் லீவும்தான். சாம்பல் நிறமான முன்பல்லுக்கு நரம்பு எடுக்க வேண்டியிருந்தது. அடிபட்டு உள்ளே நரம்பு செத்துப்போனால் பல் அப்படிக் கறுப்பதுண்டு. அதற்கு மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள். அங்கே மூன்று மாதம் காத்திருந்தேன். நடுவில் ஒரு தரம் தவணை தள்ளிப்போனது. ‘காசு இருந்திருந்தால்’ என்று அழுதிருக்கிறேன், பொய் சொல்ல வரவில்லை.

அழகுக்கான வேலை கடைசியாகத்தான் வந்தது. நரம்பு எடுத்த பல் நொறுங்கக்கூடியது என்பதால் அதற்கு ஒரேயொரு கிறவுண். அதைத் தனியாரில் 18,000 ரூபாவுக்குப் போட்டேன், சீட்டு எடுத்த காசில். மற்ற மூன்று முன்பற்களிலும் சூத்தையை எடுத்துவிட்டுப் பல் நிறச் சீமெந்தால் கட்டினார்கள். இதை எங்கள் சனம் ‘வெள்ளைச் சீமெந்து’ என்கிறது. பல்லை அதிகம் அராவாமல், இல்லாத இடத்தை நிரப்பும் வேலை. இடைவெளி தெரிந்த பக்கத்துக்கு இரண்டு பல் வைத்த சின்னக் கட்டுப்பல் ஒன்று, இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். எல்லாம் சேர்த்து 40,000 ரூபாவுக்குள் முடிந்தது.

இது 2018 கணக்கு. 2022இல் டொலர் விலை ஏறி வெளிநாட்டுச் சாமான் எல்லாம் தலைகீழானதன் பிறகு இந்தத் தொகைக்கு யாரும் செய்ய மாட்டார்கள். ஆனாலும் ஆறு கிறவுணுக்கும் ஒரு கிறவுணுக்கும் உள்ள தூரம் மாறாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதவும் முடியாது. கிறவுணின் மேல் விளிம்பில் முரசோடு ஒட்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இப்போது தெரிகிறது, உள்ளே உலோகம் என்பதால். வெள்ளைச் சீமெந்து தேத்தண்ணியில் மஞ்சள் பிடிக்கிறது. ஒன்று இரண்டு தரம் நுனி உடைந்து திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. அது சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வேலைதான். பீங்கான் என்றால் இன்னும் கூடுதலாக இழுக்கும், ஆனால் அராவிய பல்லைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. பத்துப் பதினைந்து வருடத்தில் அதையும் மாற்ற வேண்டிவரும். 25 வயதில் போட்டால் ஆயுளில் எத்தனை தரம் மாற்றுவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் சொல்லும் விலையில் அதைச் சேர்ப்பதில்லை.

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. பல்லால் அல்ல, சீதனத்தால்.

வேறு இருவர்

என்னுடைய வழிதான் எல்லோருக்கும் சரி என்று சொல்ல மாட்டேன். கிளிநொச்சிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்திக்கு 31 வயதில் மேல் வாயில் ஒரு பல்லும் காப்பாற்றக்கூடியதாக இருக்கவில்லை. முரசு கரைந்து எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. மேலே முழுக் கட்டுப்பல் வைத்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். “அக்கா, இப்பதான் நான் மனிசரோடை கதைக்கிறன்” என்றாள். அவளுக்கு அது சரியான முடிவு. ஆனால் கீழ்வாயில் இருந்த எட்டுப் பற்களையும் ‘ஒரே அலுப்பாய்’ பிடுங்கிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். டொக்டர் மறுத்திருக்கிறார். நல்ல காலம். மேல்வாய்க் கட்டுப்பல் அண்ணத்தில் ஒட்டிப் பிடிக்கும். கீழ்வாய்க்கு அந்தப் பிடிப்பு இல்லை, நாக்கு அசைய அசைய எழும்பும். பல் போன இடத்தில் தாடை எலும்பும் வருடா வருடம் கரையும். வைத்த கட்டுப்பல் சில வருடத்தில் தளரும். 31 வயதில் பிடுங்கினால் அந்தக் கரைதல் எத்தனை வருடம்! அதனால் பிடுங்கச் சொல்லும்போது ‘இந்தப் பல்லை வைத்துக்கொள்ள வழியே இல்லையா’ என்று ஒரு தரம் கேளுங்கள். பிடுங்கியதைத் திரும்ப நடவா முடியும்?

மற்றவள் நான் எடுக்கவிருந்த கடனை எடுத்தவள். ஆறு கிறவுண் போட்டாள், கலியாணமும் நடந்தது. ஒன்றரை வருடத்தில் ஒரு கிறவுண் சோறு சாப்பிடும்போது கழன்று கையில் வந்தது. உள்ளே பல் கறுத்து வெறும் அடிக்கட்டையாக இருந்தது. கடனை அதற்குப் பிறகும் எட்டு மாதம் கட்டினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கலியாண வீட்டுப் படங்களை எடுத்துக் காட்டும்போது அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

போகும் முன்பு

அழகுக்குப் பல் கட்டுவது வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சமூகவியல் படித்தபோது, உடம்பைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பரீட்சைக்கு அது போதும். நேர்முகத் தேர்வில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பவளுக்கு அது போதாது. ஆகவே ஆசைப்படுங்கள். ஆனால் வாய் நோயோடு இருக்கும்போது மேலே பூச வேண்டாம்.

தனியாரிடம் போனாலும் எக்ஸ்ரே எடுக்காமல் விலை சொல்பவரிடம் இன்னொரு தரம் யோசியுங்கள். எத்தனை நல்ல பல்லை அராவப் போகிறீர்கள், குறைவாக அராவிச் செய்ய முடியாதா, எத்தனை வருடம் இருக்கும், உடைந்தால் யார் திருத்துவது, அதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். பல் வைத்தியர்களும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் ஒட்டித் தருபவரிடம் அந்தப் பதிவு இருக்காது. பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிவிட்டால், சுத்தம் செய்ய முடியாமல் நல்ல பல்லும் அழுகும்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அடைப்பதும் பிடுங்குவதும் இலவசம். பெரிய வேலைகளுக்கு அங்கிருந்து கடிதம் எடுத்துக்கொண்டு போதனா வைத்தியசாலைக்கோ, பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ, கொழும்பு தேசிய பல் வைத்தியசாலைக்கோ போகலாம். தூரம்தான், போய்வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல் பார்க்கக் கூடாது என்ற பயம் எங்களிடம் இன்னும் உண்டு. உண்மையில் கர்ப்பிணிகளைப் பல் பரிசோதனைக்கு அனுப்புவது குடும்பநல மாதுவின் வேலைகளில் ஒன்று. நடு மூன்று மாதங்கள் சிகிச்சைக்கு வசதியான காலம். பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சுவதில்லை. சத்தி எடுத்த உடனே பல் தீட்டாமல் முதலில் வாயைக் கொப்பளியுங்கள். வயிற்று அமிலத்தில் இளகிய பல்லைத் தேய்த்தால் இன்னும் போகும்.

வவுனியா, அநுராதபுரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த சிலருக்குப் பல்லில் மண்ணிறத் திட்டுகள் இருக்கும். அது அழுக்கல்ல, தண்ணீரில் கூடிப்போன ஃபுளோரைட்டினால் பல் உருவாகும் காலத்திலேயே வந்த கறை. உப்புப் போட்டு உரஞ்சி அதைப் போக்க முடியாது. மேலே சொன்ன வெள்ளைச் சீமெந்தால் மறைக்கலாம். அதற்காக ஃபுளோரைட் பற்பசை கூடாது என்று விளங்கிக்கொள்ள வேண்டாம். பற்பசையில் அது வேண்டும். இரவில் படுக்கும் முன் தீட்டிவிட்டு நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் முழுவதும் கழுவிவிட வேண்டாம்.

தேத்தண்ணியைப் பற்றிக் கேட்பீர்கள். விடவில்லை, வீடு வீடாகப் போகும் வேலையில் விடவும் முடியாது. சீனியை விட்டேன். முதல் மாதம் சரியான கஷ்டம். “சீனி வியாதியோ பிள்ளை?” என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். இப்போது என்னைக் கண்டதும் சீனி போடாமலே ஊற்றுகிறார்கள்.

போன மாதம் அதே மாமரத்தடிக்குப் போனேன். காது கேட்காத அந்த அம்மா இப்போது குழுவின் பொருளாளர். கூட்டம் முடிந்ததும் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். 22 வயது. ஒன்றும் பேசவில்லை. கையைப் பார்த்தேன், வாயில் இருந்தது. என்னுடைய சீமெந்தும் திரும்ப நுனி உடைந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருக்கிறோம். ஆறரைக்கு முதல் நம்பர் எடுக்க வேண்டும், கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன்.